மஹல்லாவுக்கு ஒரு பொதுப் பண்டகசாலை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சற்று முன் செயலாளர் அவர்கள் பைத்துல்மால் கணக்கை வாசித்தார்கள். மருத்துவ உதவி, கல்வி உதவி, திருமண உதவி என்று தலைப்பு வாரியாக வாசித்தார்கள். அந்த விண்ணப்பங்களில் பலவற்றை எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன். கல்விக் கட்டணம் என்று எழுதப்பட்ட விண்ணப்பம் ஒன்றை விசாரித்துப் பார்த்தபோது, கட்டணத்திற்கென்று அந்தத் தாய் சேர்த்து வைத்திருந்த பணம் மளிகைக் கடைப் பாக்கிக்குப் போயிருந்தது. பாக்கி இருந்ததால் வேறு கடையில் மலிவாகக் கிடைத்தாலும் அங்கே போக அவருக்கு வழியில்லை. கடைக்காரரையும் நான் குறை கூற மாட்டேன். அவரும் மொத்த வியாபாரியிடம் கடனுக்கே வாங்குகிறார். வசூலாகாத பாக்கியையும் சேர்த்தே விலை வைக்கிறார். ஆக, ரொக்கம் கொடுப்பவரும் கடன் சொல்பவரும் ஒருசேர அந்தச் சுமையைச் சுமக்கிறார்கள். பைத்துல்மாலிலிருந்து நாம் கட்டணத்தைச் செலுத்தினோம். அடுத்த மாதமும் அந்தக் கடைக் குறிப்பேடு அப்படியேதான் இருந்தது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். தை மாதத்தில் திருச்சுழிப் பக்கம் சென்றால் களத்திலே குதிரைவாலி குவிந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை மட்டும் நம்பி, கிணற்று நீரோ கண்மாய் மடையோ இல்லாத கரிசல் புஞ்சையில், மூன்று மாதத்தில் விளைந்த தானியம் அது. நெல்லுக்குத் தேங்கிய நீர் வேண்டும். இதற்கு ஈரம் போதும். விவசாயிக்குக் கடனும் அவசரமும் இருப்பதால் களத்திலேயே உமியோடு மூட்டையாக விற்றுவிடுகிறார். அது வெளியூர் ஆலைக்குச் சென்று, உமி நீக்கி, தவிடும் தீட்டப்பட்டு, கண்ணாடிப் பையில் அடைக்கப்பட்டு, சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு என்ற பெயரோடு நம் கடைத் தெருவுக்குத் திரும்பி வருகிறது. விளைவித்தவர் வாங்கிய விலைக்கும் நாம் கொடுக்கிற விலைக்கும் உள்ள தூரம், திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் உள்ள தூரத்தைப் போல் பல மடங்கு. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதனால் விலை ஏறியது என்றே நம் பெண்கள் சொல்கிறார்கள்!

என் தாயார் குலுக்கையில் தானியம் வைத்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். குதிரைவாலியும் வரகும் உமியோடு இருக்கும்வரை ஆண்டுக் கணக்கில் கெடுவதில்லை. அரிசியாக்கிவிட்டால் சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும். ஏழு ஆண்டுப் பஞ்சத்திற்கு முன்னேற்பாடாகத் தானியத்தைக் கதிரோடு சேமிக்கும்படி யூசுஃப் நபி (அலை) அவர்கள் சொன்ன வரலாற்றை மதரஸாவில் பலமுறை ஓதியிருக்கிறேன். அந்த ஆலோசனையின் நுட்பம் எனக்கு விளங்கியது கிதாபில் அல்ல. என் தாயாரின் குலுக்கையில்தான். அந்தக் குலுக்கை மறைந்ததற்குக் காரணம், உரலில் இடித்து உமி நீக்கும் வேலையின் கடுமை. ரேஷன் அரிசி வந்தபோது பெண்கள் உலக்கையைக் கீழே வைத்ததை யாரும் குற்றமாகச் சொல்ல முடியாது.

ரேஷனைக் குறைத்துச் சொல்வதாக எவரும் எண்ண வேண்டாம். தமிழ்நாட்டில் பெரும்பாலான ரேஷன் கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. தாது வருடப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 1878 வரை, தென்னிந்தியா பட்ட பாட்டைக் கேட்டிருக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். அரிசி இருக்கிறது, பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், தானியம் இவற்றுக்குத்தான் குறிப்பேடு.

இப்படிப்பட்ட குறிப்பேட்டிலிருந்து விடுபட்டவர்கள் யார் என்று தேடிப் பார்த்தால், முதலில் நெசவாளர்கள் வருகிறார்கள். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊர், நம் அருப்புக்கோட்டையைப் போல் தறிச் சத்தம் கேட்ட ஊர். அங்கே 28 தொழிலாளர்கள், அவர்களில் பலர் நெசவாளர்கள், ஆளுக்கு ஒரு பவுன் வீதம் 28 பவுன் சேர்த்து 1844 டிசம்பர் 21ஆம் நாள் ஒரு கடையைத் திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி, இவ்வளவே சரக்கு. அவர்கள் வகுத்த விதிகளைத்தான் நாம் கவனிக்க வேண்டும். கலப்படமில்லாத பொருள், குறையாத எடை, கடன் கிடையாது, பணம் எவ்வளவு போட்டிருந்தாலும் ஒருவருக்கு ஒரே வாக்கு. மிஞ்சுவதை, யார் எவ்வளவு பொருள் வாங்கினார்களோ அந்த விகிதத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். உலகெங்கும் உள்ள கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கு அதுவே தாய்.

நம் நாட்டில் அதே வழியில் எழுந்தது சென்னைத் திருவல்லிக்கேணியில். வாலாஜா பள்ளிவாசல் இருக்கும் அதே திருவல்லிக்கேணி. 1904ஆம் ஆண்டு அங்குள்ளோர் சிலர் கூடித் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு வந்த சட்டமோ கடன் சங்கங்களை மனத்தில் வைத்து இயற்றப்பட்டது. பண்டகசாலை போன்ற பிற சங்கங்களுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டமே வாசலைத் திறந்தது. சட்டம் வரும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தச் சங்கம் இருக்கிறது.

இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று கேட்பவர்களுக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. நம் ஊரிலும் விருதுநகரிலும் நாடார் உறவின்முறையினர் மகமை வைத்து, வியாபாரத்தில் சிறு பங்கை ஒதுக்கிப் பேட்டைகளையும் பள்ளிகளையும் எழுப்பினார்கள். காமராசர் படித்த விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்துக் கொடுத்தார்கள். உலையில் போடும் முன் ஒரு கைப்பிடி. அதை எந்த ஏழையும் கொடுத்துவிட முடியும். மகமை என்ற சொல் நம் பள்ளிவாசல்களுக்கும் புதிதல்ல.

ஆந்திரத்திலிருந்து பிரிந்த தெலங்கானாவில் ஜஹீராபாத் பகுதி நம்மைப் போலவே வானம் பார்த்த பூமி. தக்காண வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்த ஏழைப் பெண்களின் சங்கங்கள் 1990களின் நடுவில் ஒரு காரியம் செய்தன. தரிசாகக் கிடந்த நிலத்தை உழுவதற்கு விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்து, அதைப் பணமாக அல்லாமல் சோளமாகத் தவணையில் திரும்பப் பெற்றன. அந்தச் சோளத்தை ஊரிலேயே சேமித்து, விலை ஏறும் மாதங்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தன. எந்தக் குடும்பம் எவ்வளவு ஏழை என்பதை ஊரார் கூடித் தரையில் வரைபடம் வரைந்து, பலர் முன்னிலையில் முடிவு செய்தார்கள். நிலமும் திருந்தியது, உணவும் ஊரைவிட்டு வெளியேறவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் அதில் இருந்தார்கள் என்பதை நம் படித்த இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

நம் மார்க்கத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. யமன் நாட்டு அஷ்அரீ குலத்தார், உணவு குறையும்போது கையிலுள்ளதை எல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சேர்த்து, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். அவர்களைத் தம்மைச் சார்ந்தவர்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஒரே துணி என்பதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஒரே பாத்திரம் என்பதையும் யோசியுங்கள். அளவு எல்லோருக்கும் ஒன்றாகவும் எல்லோர் கண்முன்னும் இருந்தது.

அந்த இடத்தில்தான் நாம் ஒருமுறை தவறினோம். பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும், இளைஞர்களுக்குத் தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன் ரமழானுக்கு மொத்தமாகப் பருப்பும் எண்ணெயும் வாங்கிப் பங்கிடும் ஏற்பாட்டைச் செய்தோம். முதல் மாதம் நன்றாக நடந்தது. பிறகு தெரிந்தவர்களுக்குக் கடன் கொடுத்தோம். கடன் கொடுத்ததை எழுதினோம். ஆனால் கூட்டத்தில் வாசிக்கவில்லை. யாருடைய மனமும் நோகக் கூடாது என்று எண்ணினோம். பதினோராவது மாதம் மூட்டை வாங்கப் பணம் இல்லை. கணக்கைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். ஒருவரும் பணத்தை எடுத்துச் செல்லவில்லை. ஆயினும் எடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. வாசிக்காத கணக்கு அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தது. அதற்கு நான் பொறுப்பேற்கிறேன். இதை இந்தச் சபையில் சொல்லாமல் மீண்டும் உங்களிடம் பணம் கேட்க எனக்கு உரிமையில்லை.

வட்டியைப் பற்றி ஒருவர் காலையில் கேட்டார். நியாயமான கேள்வி. ராச்டேல்காரர்கள் பங்குத் தொகைக்குக் குறிப்பிட்ட விகிதத்தில் வட்டியும் கொடுத்தார்கள். அதை நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாங்கிய அளவுக்குத் தக்கபடி மிகுதியைத் திருப்பிக் கொடுப்பது வேறு. அது வாங்கியவர் அதிகமாகக் கொடுத்த விலையே அவருக்குத் திரும்புவது. சங்கம் எவரிடமும் வட்டிக் கடன் வாங்காமல் சொந்தப் பங்குத் தொகையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சரக்கு வைத்தால் போதும். ஜகாத் நிதியை இதில் போடலாமா என்றும் கேட்டார்கள். போடக் கூடாது என்பதே என் கருத்து. ஜகாத் உரியவர் கையில் உரிமையாகச் சேர வேண்டியது. கடைக்கு முதலாக நிற்க முடியாது. ஸதகாவிலிருந்து ஏழைக் குடும்பத்தின் பங்குத் தொகையைச் செலுத்தி, அவரையும் வாக்குள்ள உறுப்பினராக்கலாம். தர்மம் வாங்குபவராக வருகிறவர் கணக்குக் கேட்கிறவராக உட்கார்வார்.

ஃபித்ரா பற்றிய ஓர் எண்ணத்தையும் இடையில் சொல்லிவிடுகிறேன். ஷாஃபிஈ மத்ஹபில் அந்தந்த ஊரின் முக்கிய உணவிலிருந்து ஒரு ஸாஉ என்று சட்டம். நம் பாட்டனார் காலத்தில் இந்த ஊரின் முக்கிய உணவு எது என்று கேட்டால் கம்பும் சோளமும் என்பார்கள். இன்று அரிசி, அந்த நெல்லோ இந்த மண்ணில் அரிதாகவே விளைகிறது.

நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருப்பது இதுதான். நான்கு சரக்கு மட்டும்: துவரம் பருப்பு, நல்லெண்ணெய், மிளகாய், குதிரைவாலி. குதிரைவாலியைத் தையில் களத்திலேயே, களத்து விலையைவிடச் சற்றுக் கூடுதலாக, உமியோடு வாங்கி மதரஸாவின் பழைய அறையில் சேமிப்பது. மாதம் ஒருமுறை தேவைக்கு மட்டும் அரைவை ஆலையில் உமி நீக்கிக் கொள்வது. தவிட்டைத் தீட்ட வேண்டாம். கடன் இல்லை, தலைவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. கஷ்டப்படுபவருக்கு உதவி பைத்துல்மால் வழியே போகட்டும், கடை வழியே வேண்டாம். மாதக் கடைசி வெள்ளி, ஜும்ஆவுக்குப் பின் பள்ளி வாசலுக்கு வெளியே பலகையில் கணக்கு எழுதப்படும். வெளியே என்று சொல்வதற்குக் காரணம், நம் தெருவில் வாழும் பிற சமயச் சகோதரர்களும் உறுப்பினர்களாக இருப்பார்கள். அவர்களும் படிக்க வேண்டும். ஓராண்டு இப்படி நடந்து நின்றால் 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி பதிவு செய்வது பற்றிப் பேசலாம். பைகளை வீட்டிலிருந்து கொண்டு வாருங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை இருப்பது நமக்கும் பொருந்தும்.

எடை போடும் தராசை யார் பார்த்துக்கொள்வது என்பது இன்னும் முடிவாகவில்லை. சமையல் செய்பவருக்கே எடை தெரியும் என்பதால், தாய்மார்களில் மூவரை அதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயர் கொடுக்கும் ஏடு இன்று இஷாவுக்குப் பின் அலுவலகத்தில் வைக்கப்படும். ஆண்கள் வீட்டில் கேட்டுவிட்டு வந்து கையெழுத்திடுங்கள்.

வஸ்ஸலாம்.