கடலில் ஒரு கணக்கெடுப்பு



மாலையில் ஆட்டுக்காரர் பட்டி வாசலில் நிற்பார். உள்ளே போகும் ஆடுகளை எண்ணிவிடுவார். கடலுக்குப் பட்டி இல்லை, வாசலும் இல்லை. திமிங்கிலத்தையும் ஓங்கிலையும் எப்படி எண்ணுவது?

சித்தூர்ப் பக்கத்தில் மலையும் மாந்தோப்பும்தானே, கடல் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். 2022-ல் திருப்பதி மாவட்டம் உருவானது. சூளூர்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டா, பழவேற்காடு ஏரிக்கரை எல்லாம் அதில் சேர்ந்தன. திருப்பதிக்கும் இன்று கடற்கரை உண்டு.

திமிங்கிலமும் ஓங்கிலும் மீன்கள் அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுப்பவை. மூச்சு விட நீரின் மேலே வந்தே ஆக வேண்டும். அந்தச் சில நொடிகள்தான் எண்ணுபவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

படகு நேர்கோட்டில் போகும். இரண்டு பக்கமும் ஆட்கள் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். ஒரு முதுகு தெரிந்தால் நேரம், இடம், தூரம், எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதுவார்கள். ஒன்றும் தெரியாவிட்டால் அதையும் எழுதுவார்கள். மூழ்கியிருப்பவை கண்ணில் படாது. அலை மிகுந்த நாளில் இன்னும் குறைவாகவே தெரியும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் மொத்தத்தை மதிப்பிடுவார்கள்.

ஒடிசாவின் சிலிகா, பழவேற்காடு போலவே கடலோடு சேர்ந்த ஏரி. அங்கே ஐராவதி ஓங்கில்களை இப்படித்தான் எண்ணுகிறார்கள். சுமார் 150 இருப்பதாகத் தெரிகிறது. ஆழ்கடலில் 'சாகர் சம்பதா' கப்பலில் 2003 முதல் 2007 வரை கணக்கெடுத்தார்கள். ஆனால் இந்தியக் கடற்கரை மிக நீளம். எல்லா இடத்துக்கும் கப்பல் போக முடியுமா?

அங்கேதான் கரையோர மக்கள் வேண்டும். 2016 ஜனவரியில் திருச்செந்தூர் அருகே 80-க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் படகில் கட்டி இழுத்துக் கடலில் விட்டார்கள். சில மறுபடியும் கரைக்கே வந்தன. பல இறந்தன. 1973-லும் அதே பகுதியில் நூற்றுக்கு மேல் ஒதுங்கியிருந்தன. அது இன்று எப்படித் தெரிகிறது? அன்றைக்கு எழுதி வைத்ததால் தெரிகிறது.

மூத்த மீனவர் பார்த்தது ஆயிரம் இருக்கும். எழுதாவிட்டால் அது அவரோடு போய்விடும்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றை வேட்டையாடுவது குற்றம். கரை ஒதுங்கியதைப் பார்த்துச் சொல்வது குற்றம் அல்ல. வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள். உயிர் இருந்தால் தோலை ஈரமாக வையுங்கள். தலைமேல் உள்ள மூச்சுத் துளையில் நீர் புகாமல் பாருங்கள்.

பிறகு நோட்டை எடுங்கள். நாள், ஊர், நீளம், எண்ணிக்கை. நான்கே வரிகள். எழுதப் படித்த கைக்கு அது பெரிய வேலை இல்லை. கடலின் கணக்குக்கு அது பெரிய உதவி.