கதை கேட்கப் போன அம்மா



அமாவாசை அன்று காகத்துக்குச் சோறு வைக்கிறோம். காகத்தை முன்னோர் என்கிறோம். இதே அந்தமானில் இன்னொரு மக்களும் பறவைகளை முன்னோர் என்கிறார்கள். அவர்கள் கிரேட் அந்தமானியர். இந்த மண்ணின் பழங்குடிகள்.

1858இல் வெள்ளையர் போர்ட் பிளேரில் கைதிகளைக் குடியேற்றினார்கள். இன்றைய ஸ்ரீ விஜயபுரம்தான் அது. அப்போது இந்த மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பத்துக் குலங்கள், குலத்துக்கு ஒரு பேச்சு. பிறகு சண்டை வந்தது. தட்டம்மை வந்தது. 1961இல் மிஞ்சியவர்கள் 19 பேர்தான். பின்னர் அரசு அவர்களை ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தியது. பிள்ளைகள் இந்தி பேசி வளர்ந்தார்கள். நாம் கடைத்தெருவில் பேசுகிறோமே, அதே இந்தி.

இவர்களைத் தேடி டில்லியிலிருந்து ஓர் அம்மா வந்தார். பெயர் அன்விதா அப்பி. 1949இல் ஆக்ராவில் பிறந்தவர். இந்தி எழுத்தாளர்கள் இருந்த குடும்பம். இளம் வயதில் தாமே இந்தியில் கதை எழுதினார். பிறகு மொழிகளை ஆராயும் பேராசிரியர் ஆனார். அழியும் மொழிகளைப் பதிவு செய்வதே அவர் தொழிலாயிற்று.

அப்போது இங்கே அந்த மொழி தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் நாவோ ஜூனியர். அவரிடம் அம்மா கதை கேட்டார். கதை கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று, மறந்துவிட்டது என்றார் அவர். அம்மா விடவில்லை. பொறுமையாக உட்கார்ந்தார். கொஞ்சம் கொஞ்சமாக நினைவு திரும்பியது. அப்படி வந்த ஒரு கதையைக் கேளுங்கள்.

மித்தே என்ற பையன் மீன் பிடிக்கப் போனான். ஒரு கணவாய் கிடைத்தது. அதைக் கழுவும்போது போல் என்ற பெரிய மீன் அவனை விழுங்கிவிட்டது. உறவினர்கள் தேடிப் போனார்கள். பத்கா கெட்டிக்காரன். அவன்தான் தடம் பார்த்து மீனைக் கண்டுபிடித்தான். பலசாலியான கௌலோ வந்து அதைக் கொன்றான். மித்தே உயிரோடு வெளியே வந்தான். ஆனால் கைகால் மரத்துப் போயிருந்தது. கரையில் தீ மூட்டி அவனுக்குச் சூடு காட்டினார்கள். மீனையும் அதே தீயில் வைத்தார்கள். பசி அவசரம்! சரியாகக் குடல் எடுக்கவில்லை. மீன் வெடித்தது. அங்கே இருந்த அத்தனை பேரும் பறவையாகிவிட்டார்கள். மித்தே காட்டுப் புறா ஆனான். பத்கா காகம். கௌலோ கடல் கழுகு.

இது வெறும் பொழுதுபோக்குக் கதையா? பறவைகளின் பெயர்கள் இதில் இருக்கின்றன. மீனை எப்படிச் சமைக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. அந்த மொழியே அதிசயமானது. தலையில் வரும் ரத்தத்துக்கு ஒரு சொல். விரலில் வரும் ரத்தத்துக்கு வேறு சொல். இப்படி உடம்பின் பகுதிக்கு ஏற்பச் சொல் மாறும். கதையைக் கேட்டு எழுதாமல் இதெல்லாம் பிடிபடாது.

அம்மா கதைகளையும் பாட்டுகளையும் ஒலிப்பதிவு செய்தார். பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. அகராதியும் வந்தது. அதில் இந்தியிலும் பொருள் உண்டு. 2013இல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. கதைகளும் பாட்டுகளும் 2021இல் நூலாக வந்தன.

நாவோ ஜூனியர் 2009இல் காலமானார். போவா என்ற பாட்டிதான் போ மொழியைப் பேசிய கடைசி ஆள். அந்தப் பேச்சில் பதில் சொல்ல மனிதர் யாரும் இல்லை. பாட்டி பறவைகளோடு பேசிக்கொண்டிருப்பார். 2010 ஜனவரியில் அவரும் காலமானார். அவர் பாடிய பாட்டு ஒலிப்பதிவில் இருக்கிறது.