ஒற்றை எக்ஸும் இரட்டை எக்ஸும்



கரண்ட் வேலை பார்க்கிறவனுக்கு உயிரியலில் என்ன சோலி என்று விலங்கியல் நண்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். இதுவும் லோடு கணக்குதான். ஒரு வீட்டுக்கு இரண்டு பேஸ், அடுத்த வீட்டுக்கு ஒன்று. பல்பு மட்டும் இரண்டிலும் ஒரே வெளிச்சத்தில் எரிய வேண்டும்.

பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு. ஆணுக்கு ஒன்று, துணைக்கு ஒரு சின்ன ஒய். எக்ஸில் எண்ணூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள். அப்படியானால் பெண்ணுக்கு எல்லாமே இரட்டிப்பாக ஓட வேண்டாமா?

பழ ஈ, ஆணின் ஒற்றை எக்ஸிடம் இரட்டை வேலை வாங்கிச் சரிக்கட்டுகிறது. இதைக் காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டவர், கல்கத்தாவின் அர்தேந்து சேகர் முகர்ஜி. ஜெர்மனியில் பீர்மனோடு சேர்ந்து, ஈப்புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குக் கதிரியக்க யூரிடினைக் கொடுத்து, குரோமோசோம்மேல் விழுந்த வெள்ளிப் புள்ளிகளை எண்ணினார். ஆணின் ஒரு எக்ஸில் விழுந்தவை, பெண்ணின் இரண்டிலும் சேர்த்து விழுந்தவற்றுக்கு ஏறக்குறைய சமம்! 1965இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

நமக்கு வழி வேறு. பெண் கருவின் ஒவ்வொரு செல்லும் ஒரு எக்ஸின் பீஸைப் பிடுங்கிவிடுகிறது. 1961இல் எலிகளை வைத்து மேரி லயன் இதைச் சொன்னார். எதைப் பிடுங்குவது என்பது சீட்டுக் குலுக்கல். பிறகு அந்தச் செல்லின் வாரிசுகளிலும் அதே எக்ஸ்தான் அணைந்திருக்கும். அருப்புக்கோட்டைத் தறிவீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் மூவண்ணப் பூனையில் கறுப்பும் செம்பழுப்பும் திட்டுத்திட்டாகத் தெரிவது இதனால்தான். அது அநேகமாகப் பெட்டைப் பூனை. (வெள்ளை வேறு மரபணுவின் வேலை.)

பூனைக்கு அழகாக வாய்த்தது, சில பெண்களுக்கு ஆபத்தாகிறது. ரத்தம் உறையவைக்கும் எட்டாம், ஒன்பதாம் காரணிகளின் மரபணுக்கள் எக்ஸில்தான் உள்ளன. ஹீமோபிலியா ஆம்பளைப் பிள்ளைக்குத்தான் வரும், பெண் வெறும் கடத்தி என்று படித்தோம். கடத்தி என்றால் எங்கள் துறையில் செம்புக் கம்பி, அதற்கு வலிக்காது. குலுக்கலில் நல்ல எக்ஸ் அதிகம் அணைந்துபோனால் இவளுக்கும் ரத்தம் நிற்காது. திருச்சுழிப் பக்கம் அதிகப்படியான மாதப்போக்கை "உடம்புச் சூடு" என்று வெந்தயம் கொடுத்துச் சமாளிப்பார்கள். வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வரமாட்டான் என்ற பயம் வேறு.

தாய்மாமனுக்கோ உடன்பிறந்தவனுக்கோ இந்த நோய் இருந்தால், அந்தப் பெண்ணுக்கும் காரணி அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கர்ப்பமாவதற்கு முன்பே பார்ப்பது நல்லது. கர்ப்பத்தில் எட்டாம் காரணி தானே ஏறி, உண்மை அளவை மறைத்துவிடும். அப்பாவுக்கே இருந்தால் மகள்கள் அத்தனை பேரும் கடத்திகள்தான். அந்த வீட்டில் பல் பிடுங்கப் போனாலும் முதலில் டாக்டரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.