சட்டம் படித்தவர்களின் குரல்



தோட்டத்தில் பிறந்த பிள்ளை ஒருவர் வழக்கறிஞராகிவிட்டால் அந்த லயம் முழுவதற்கும் அது பெருமை. தோட்டம் மூடப்பட்டு, மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பிறகும், "நம்ம தோட்டத்துப் பிள்ளை லாயராக இருக்கிறார்" என்று சொல்லி மகிழ்கிறோம். ஆனால் அவர் எங்கே சட்டம் படித்தார், பயணச் செலவுக்கு யார் கொடுத்தார்கள், முதல் நாள் வகுப்பில் என்ன பட்டார் என்று கேட்டால், விடை சொல்லக்கூடியவர்கள் வெகு சிலரே.

ஒரு சட்டக் கல்லூரியின் வரலாற்றை, அங்கே படித்து வெளியேறியவர்களின் குரலிலேயே பதிவு செய்து பாதுகாப்பது எப்படி என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். "இது படித்தவர்கள் சமாச்சாரம், பால்மரம் வெட்டிப் பிழைத்த நமக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் வரலாறு.

ஒரு காலத்தில் மலாயாவில் சட்டம் படிக்க இடமே இல்லை. வழக்கறிஞராக விரும்பியவர் கப்பலேறி இங்கிலாந்து போகவேண்டும். லண்டனிலுள்ள நான்கு பழைய வழக்கறிஞர் சங்கங்களில் ஒன்றில் சேர்ந்து தேற வேண்டும். 1928இல் பத்து காஜாவில் பிறந்த ராஜா அஸ்லான் ஷா அப்படித்தான் படித்தார். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று, 1954இல் லிங்கன்ஸ் இன் என்னும் சங்கத்தின் வழியாக வழக்கறிஞரானார். 1982இல் நாட்டின் தலைமை நீதிபதி பொறுப்பை ஏற்றார். 1984இல் பேராக்கின் சுல்தானாக அரியணை ஏறி, 2014இல் மறைந்தார். அரச குடும்பத்திற்கு இங்கிலாந்துப் பயணம் இயலும். ஒரு கிராணியின் பிள்ளைக்கோ தண்டலின் பிள்ளைக்கோ அது எட்டாத கனி.

1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் அமைந்தது. 1956இல் அங்கே சட்டத்துறை தொடங்கப்பட்டது. அதன் முதல் பேராசிரியர் லயனல் ஷெரிடன். 1957இல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். 1961இல் பட்டம் பெற்று வெளியே வந்தார்கள். சட்டப் படிப்புக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை என்ற நிலை அப்போதுதான் பிறந்தது. ஈப்போவில் இரவு ரயில் ஏறினால் போதும் என்றாயிற்று.

அந்த முதல் அணியில் நம் ஈப்போவின் பிள்ளை ஒருவர் இருந்தார். 1937இல் ஈப்போவில் பிறந்து, ஆண்டர்சன் பள்ளியில் படித்த சான் செக் கியோங் என்பவர் அவர். பிற்காலத்தில், 2006 முதல் 2012 வரை, சிங்கப்பூரின் தலைமை நீதிபதியாக இருந்தார். அவரோடு படித்த டோமி கோ, உலக நாடுகள் கூடிக் கடல் சட்டத்தை வகுத்த ஐக்கிய நாடுகள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அந்தச் சட்டம் 1982இல் நிறைவேறியது. அதே அணியைச் சேர்ந்த தியோ சு மியன் என்ற பெண்மணி, தாம் படித்த சட்டத்துறைக்கே தலைவரானார்.

1962இல் மலாயாப் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தது. கோலாலம்பூரில் உள்ளது மலாயாப் பல்கலைக்கழகம் என்ற பெயரை வைத்துக்கொண்டது. சிங்கப்பூரில் உள்ளது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஆனால் கோலாலம்பூரில் சட்டத்துறை 1972இல்தான் வந்தது. பேராசிரியர் அகமது இப்ராகிம் அதன் முதல் தலைவர். இடைப்பட்ட காலத்தில் நம் நாட்டு மாணவர் பலர் சிங்கப்பூருக்கே சென்று சட்டம் படித்தார்கள். பினாங்கில் பிறந்த கர்பால் சிங் அவர்களில் ஒருவர்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டப் பள்ளி மூன்று பெயர்களைக் கண்டுவிட்டது: மலாயாப் பல்கலைக்கழகம், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம், 1980 முதல் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம். புக்கித் தீமாவில் தொடங்கியது, கெந்த் ரிட்ஜுக்குச் சென்றது, 2006இல் மீண்டும் புக்கித் தீமாவுக்குத் திரும்பியது. 1965க்குப் பிறகு அது இருக்கும் இடமே நமக்கு வெளிநாடு ஆகிவிட்டது. பெயரும் இடமும் நாடும் மாறிய பிறகு, ஒரு பள்ளியின் தொடர்ச்சி எதில் இருக்கிறது? அங்கே படித்த மனிதர்களிடம்தான் இருக்கிறது. நம் தோட்டங்களும் அப்படித்தானே? லயம் இடிந்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிறகு வீடமைப்புத் திட்டமும் வந்துவிட்டது. தோட்டத்தின் பெயர் இன்று அங்கே வாழ்ந்தவர்களின் வாயில்தான் இருக்கிறது.

இதனால்தான் உலகெங்கும் அறிஞர்கள் வாய்மொழி வரலாறு என்னும் முறையைக் கையாளுகிறார்கள். 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் என்ற வரலாற்றாசிரியர் இதை ஒரு முறையான பணியாகத் தொடங்கினார். பெரியவர்களைச் சந்தித்து, கேள்வி கேட்டு, விடைகளை அப்படியே பதிவு செய்வது அந்தப் பணி. சிங்கப்பூரில் 1979இல் இதற்கென ஒரு பிரிவு ஏற்பட்டது. அங்கே வழக்கறிஞர்கள், நீதிபதிகள் முதல் சிறு வியாபாரிகள், கூலித் தொழிலாளர்கள் வரை பலதரப்பட்டவர்களின் குரல்கள் சேமிக்கப்பட்டுள்ளன. வழக்கறிஞராகவும் சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராகவும் விளங்கிய டேவிட் மார்ஷல் 1995இல் மறைந்தார்; அவருடைய பேட்டி அங்கே இருக்கிறது. நம் நாட்டின் தேசிய ஆவணக் காப்பகமும் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளைப் பதிவு செய்து வைக்கிறது.

இந்தப் பணிக்குக் காலம் முக்கியம். கர்பால் சிங்கோடு பலமுறை பேசி ஒரு பத்திரிகையாளர் எழுதிய வாழ்க்கை வரலாறு 2013இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, 2014 ஏப்ரல் 17ஆம் நாள், நம் கம்பார் அருகே நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் அவர் உயிரிழந்தார். கேட்க வேண்டியதை ஒருவர் முன்னரே கேட்டு வைத்ததால் அது பிழைத்தது. இன்னும் ஓராண்டு போகட்டும் என்று இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்?

சரி, வழக்கறிஞர்களைக் கண்டு பேசிப் பதிவு செய்துவிட்டால் வரலாறு முழுமையாகிவிடுமா? ஆகாது. இங்கேதான் நம்முடைய வேலை வருகிறது.

வழக்கறிஞரின் நாவுக்கு ஒரு பூட்டு உண்டு. தம்மை நம்பி வந்த கட்சிக்காரர் சொன்னதை, அவருடைய சம்மதம் இல்லாமல் வழக்கறிஞர் வெளியிடக்கூடாது. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வழக்கு முடிந்த பிறகும் இந்தக் கடமை தீராது. ஆகவே ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினால், தாம் படித்த கதையைச் சொல்வார். ஆசிரியரைப் பற்றிச் சொல்வார். நீதிமன்றத்தில் வாதாடியதைச் சொல்வார். மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுத தொழிலாளி என்ன சொன்னார் என்பதை அவர் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது.

ஆனால் அந்தப் பூட்டின் சாவி கட்சிக்காரரிடம் இருக்கிறது. தம்முடைய கதையைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அப்படியானால் சட்டப் பள்ளியின் வரலாற்றில் ஒரு பாதி பட்டதாரிகளிடம் இருக்கிறது. மறு பாதி நம் வீட்டுப் பெரியவர்களிடம் இருக்கிறது.

ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களை அறியாத முதியவர்கள் உண்டா? டி. ஆர். சீனிவாசகம் 1969இல் மறைந்தார். அவர் பெயரால் ஈப்போவில் பூங்கா ஒன்று இருக்கிறது. அண்ணன் எஸ். பி. சீனிவாசகம் 1975இல் மறைந்தார். அவர்கள் நாடாளுமன்றத்தில் பேசியது அவைக் குறிப்பேட்டில் இருக்கிறது. வாதாடிய வழக்குகள் சட்ட அறிக்கைகளில் இருக்கின்றன. ஆனால் கையில் காசில்லாமல் அவர்களுடைய அலுவலகப் படியேறிய ஓர் ஏழைக்கு அன்று என்ன நடந்தது என்பது எந்த அறிக்கையிலும் இல்லை. அது தெரிந்த தாத்தா பாட்டி இன்னும் நம்மிடையே இருக்கக்கூடும்.

சட்டம் தோட்டத்துக்குள் வந்த வழிகளை எண்ணிப் பாருங்கள். வேலையில் காயமடைந்தவருக்கு இழப்பீடு தரும் சட்டம் 1952இல் வந்தது. சம்பளம், விடுப்பு, வேலைநீக்க அறிவிப்பு பற்றிய வேலைச் சட்டம் 1955இல் வந்தது. சொக்சோ என்று நாம் அழைக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. தோட்டத் துண்டாடலில் மக்கள் தவித்தபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் 1968இல் வந்தது. அனுமதி கிடைக்காமல் கப்பலேறியவர்கள் பலர். இவை புத்தகத்தில் உள்ள செய்திகள். சிவப்பு அடையாளக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்தில் எத்தனை நாள் காத்திருந்தார்கள், பாரத்தை எழுதிக் கொடுத்தது யார், நோட்டீசைப் படித்துச் சொன்னது யார் என்பவை புத்தகத்தில் இல்லாத செய்திகள். சட்டம் நாட்டிலே இருந்தது. அது நம் வாசலுக்கு வந்ததா என்பதை நாம்தான் சொல்லவேண்டும்.

தாய்மார்களே, இளைஞர்களே, இதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. அதுவே ஒலிப்பதிவுக் கருவி. எப்படிச் செய்வது என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் சம்மதம் கேளுங்கள். எதற்காகப் பதிவு செய்கிறோம், யார் கேட்பார்கள் என்பதை விளக்கிச் சொல்லுங்கள். "இந்தப் பகுதியை நான் இருக்கும்வரை வெளியிடாதே" என்று பெரியவர் சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். சம்மதத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

தொலைக்காட்சியை அணைத்து, காற்றாடியின் வேகத்தைக் குறைத்து, அமைதியான இடத்தில் உட்காருங்கள். கைப்பேசியை மடித்த துண்டின் மேல், பேசுபவருக்கு அருகில் வையுங்கள். நாள், இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் ஆகியவற்றை முதலில் நீங்களே சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

ஆமாம், இல்லை என்ற ஒரு சொல்லில் முடியும் கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். "கஷ்டப்பட்டீர்களா?" என்று கேட்டால், "ஆமாம்" என்பதோடு நின்றுவிடும். "பெரட்டு முடிந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் ஒரு நாள் முழுவதும் கண்முன் வரும். சட்டம் படித்த தோட்டத்துப் பிள்ளையிடம் கேட்கவேண்டியதும் அப்படியே. தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்புக்குப் போன ஆண்டு எப்படி இருந்தது? விளக்கு அணைந்த பிறகு எங்கே படித்தீர்கள்? முதல் சட்டப் புத்தகம் யாருடையது? முதல் கட்சிக்காரர் உங்கள் தோட்டத்துக்காரரா? இப்படிக் கேளுங்கள். சம்பளச் சீட்டு, பழைய கடிதம், நிழற்படம் ஏதாவது இருந்தால் எதிரில் வையுங்கள். அவை ஞாபகத்தைத் தூண்டும்.

இடையில் மௌனம் வந்தால் பொறுத்திருங்கள். அந்த மௌனத்துக்குப் பின்னால்தான் பல நேரம் முக்கியமான சொல் வரும். ஒரு மணி நேரம் போதும். களைத்துவிட்டால் இன்னொரு நாள் தொடருங்கள். அவர்களுடைய பேச்சை எழுதும்போது செந்தமிழாக மாற்றிவிடாதீர்கள். தண்டல், ஒட்டுப்பால், பெரட்டு என்ற சொற்கள் எல்லாம் நம் சொத்து.

மனித ஞாபகம் தவறக்கூடியது என்பதையும் மறக்கவேண்டாம். ஆண்டு மாறிப்போகலாம், இரண்டு சம்பவங்கள் ஒன்றாகக் கலந்துவிடலாம். அதற்காகப் பேச்சை அழிக்காதீர்கள். வேறொருவரிடம் கேட்டு, பத்திரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் தனியாகக் குறித்து வையுங்கள். உயிரோடு இருப்பவர்மீது பழி சுமத்தும் பேச்சு வந்தால், ஆதாரம் இல்லாமல் அதைப் பரப்பாதீர்கள். அவதூறு வழக்குக்கு இடமுண்டு.

கடைசியாக, பதிவை ஒரே கைப்பேசியில் விட்டுவைக்காதீர்கள். கைப்பேசி தொலைந்தால் தாத்தாவின் குரலும் தொலைந்துவிடும். இரண்டு மூன்று இடங்களில் நகல் வையுங்கள். பள்ளி நூலகத்தையும் தேசிய ஆவணக் காப்பகத்தையும் அணுகி, ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

நேயர்களே, சட்டம் படித்த நம் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரி உங்களைப் பேட்டி காண வரும்போது, உங்கள் வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். விடியற்காலையில் வெளிச்சமில்லாத பாதையில் மரம் வெட்டப் போய் உங்களைப் படிக்கவைத்த தாயைப் பற்றியும் சொல்லுங்கள். அந்தத் தாய் இன்னும் இருந்தால், அடுத்த பேட்டி அவருடையதாக இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் ஓய்வாக இருக்கும் வேளை பார்த்து, ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்.