பின்னால் வரும் படகு

டிரெய்லர் என்னும் சொல்லை ‘இழுவண்டி’ என்று தமிழாக்கிப் பல கோப்புகளை நாம் அனுப்பியிருக்கிறோம். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ‘மோட்டார் வாகனம்’ என்பதன் பொருளிலேயே இழுவண்டியையும் அடக்கியிருக்கிறது. தானாக நகர மாட்டாத ஒன்றை ஏன் அவ்வாறு சேர்த்தார்கள் என்று அலுவலகத்தில் அமர்ந்திருந்தபோது நாம் எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு பயணம் அதனை நமக்குக் கற்பித்தது.

நம் மைத்துனர் ஐதராபாத்தில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். உசேன் சாகர் ஏரியில் பாய்மரப் படகு பழகியவர். 2022 டிசம்பரில் சென்னைக்கு மாற்றலானபோது, தம்மிடமிருந்த சிறு மோட்டார் படகை இழுவண்டியில் ஏற்றிக் குடும்பக் காரின் பின்னே கட்டிக்கொண்டு புறப்பட்டார். நாமும் உடன் சென்றோம். பின்னிருக்கையில் குழந்தைகள் இருவர். விசயவாடா வரை குறையொன்றும் இல்லை. ஓங்கோலை நெருங்கும்போது, மேம்பாலத்துச் சரிவில் ஒரு பேருந்து எங்களைக் கடந்து சென்றது. அதன் காற்று பட்டதும் படகு இடமும் வலமுமாக ஆடத் தொடங்கியது. அடுத்த கணமே காரும் ஆடிற்று. குழந்தைகள் அலறினர்.

மைத்துனர் பிரேக்கை ஓங்கி மிதிக்கவில்லை; வேகத்தைக் கூட்டவுமில்லை; ஸ்டியரிங்கைத் திருப்பி ஆட்டத்தோடு மல்லுக்கு நிற்கவுமில்லை. அதனை நேராகப் பிடித்தவாறே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். வேகம் தணியத் தணிய ஆட்டமும் அடங்கியது. பிரேக்கை ஓங்கி மிதித்திருந்தால் இழுவண்டி காரை மடக்கிச் சாய்த்திருக்கக்கூடும்.

ஓரமாக நிறுத்திப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. படகின் எஞ்சின் இயல்பாகவே அதன் பின்விளிம்பில் தொங்குவது. போதாக்குறைக்குத் தண்ணீர்க் கேன்களும், கருவிப் பெட்டியும், பாத்திர மூட்டையும் அந்தப் பின்பக்கத்திலேயே அடுக்கப்பட்டிருந்தன. அடுக்கியவர் வேறு யாருமல்லர், நாமே!

நம் ஊர் வண்டிக்காரர், முன்பாரம் பின்பாரம் பார்த்த பின்னரே மூட்டை ஏற்றுவார். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலெழும் என்பது அவர் அறிந்தது. இழுவண்டிக்கும் அதே விதிதான். பாரம் அச்சுக்குச் சற்று முன்னே நிற்க வேண்டும். படகும் எஞ்சினும் இழுவண்டியும் சேர்ந்த மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு வரை காரின் கொக்கிமேல் இறங்குவது பொருத்தம். மொத்தம் 600 கிலோ எனில், 30 முதல் 60 கிலோ. வீட்டில் நாம் ஏறி நின்று எடை பார்க்கும் தராசை முன்தண்டின் கீழே வைத்து, சமதரையில் இதனை எளிதில் அளந்துவிடலாம். அளவுக்கு மிஞ்சிய முன்பாரமும் ஆகாது. காரின் பின்புறம் தாழ்ந்து, முன் சக்கரங்களின் பிடி தளரும்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை இன்னும் சில உள. கார் எவ்வளவு எடையை இழுக்கலாம் என்பதை அதன் கைந்நூலில் பாருங்கள், அதனை மீறாதீர்கள். காப்புச் சங்கிலிகள் இரண்டையும் முன்தண்டின் கீழே குறுக்காக மாட்டுங்கள்; கொக்கி கழன்றாலும் தண்டு தரையில் குத்தாமல் அவை தாங்கும். படகை முன்னும் பின்னும் பட்டைகளால் இறுக்குங்கள். முதல் 30 கிலோமீட்டரில் நிறுத்திப் பட்டைகளை மீண்டும் இறுக்கி, சக்கரத்தின் நடுப்பகுதியில் சூடு மிகுந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறு இழுவண்டிகள் பலவற்றிற்குத் தனிப் பிரேக் இராது. காரின் பிரேக்கே அனைத்தையும் நிறுத்த வேண்டும். ஆகவே முன்செல்லும் வண்டிக்கும் நமக்கும் வழக்கத்தைப்போல் இருமடங்கு இடைவெளியாவது வேண்டும். படகுக்குள் ஒருவரையும் அமர்த்தலாகாது.

நீர்க்கரை சேர்ந்ததும் அவசரப்படாதீர்கள். சூடேறிய பேரிங் குளிர்ந்த நீரில் மூழ்கினால் நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னர் துருப்பிடித்து, என்றோ ஒருநாள் வழியில் சக்கரம் இறுகிவிடும். சற்று ஆறவிடுவதே நன்று. பின்னோக்கிச் செலுத்துகையில் ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டால், கை நகரும் பக்கமே இழுவண்டியும் திரும்பும். பெரியவர் ஒருவர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியுமாறு நின்று வழிகாட்டட்டும்; குழந்தைகள் கண்டிப்பாக விலகி நிற்கட்டும். பாசி படிந்த சாய்தளத்தில் கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல், சக்கரங்களுக்கு அண்டைக் கட்டை வையுங்கள்.

அன்று ஓங்கோலில் சாலையோரத்தே மூட்டைகளை இறக்கி, அச்சுக்கு முன்னே மாற்றி அடுக்கி, இணைப்புகளை மீண்டும் சோதித்துப் புறப்பட ஒரு மணி நேரம் ஆயிற்று. அதன்பின் பேருந்துகள் பல எங்களைக் கடந்தன, படகு ஆடவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை ஐதராபாத்திலேயே, புறப்படுமுன் நாம் செலவிட்டிருக்க வேண்டும்.

சட்டம் ஏன் அவ்வாறு சொன்னது என்பது இப்போது நமக்கு விளங்குகிறது. இழுவண்டிக்கு எஞ்சின் இல்லை. ஆயினும், இழுப்பவனையே இழுத்துத் தள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு. விடுமுறைக்கோ வேலை மாற்றத்துக்கோ இவ்வாறு புறப்படும் அன்பர்கள், முன்னே உள்ள சாலையைப் பார்க்குமுன் பின்னே உள்ள பாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.