போகாத ஊர்கள்

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஏமாற்றுக்காரனைப் பற்றிப் பேசும்போது, "போகாத ஊருக்கு வழி சொல்கிறான்" என்பர் நம் வீட்டுப் பெரியவர்கள். ஊருக்குப் போகாமலிருப்பதையே வழியாகக் கொண்டு அநீதியை வீழ்த்தப் புறப்பட்ட ஓர் அரசின் கதையை நான் சொல்ல வந்திருக்கிறேன். அவர்கள் ஏமாற்றுக்காரர் அல்லர், நல்லவர்கள். நல்லவர்கள் என்பதனாலேயே அவர்கள் கதை நமக்குத் தேவைப்படுகிறது.

அமெரிக்க நாட்டின் கிழக்குக் கரையிலே வட கரோலினா மாநிலம். அதன் பெருநகரம் சார்லட். 2016 பிப்ரவரியில் அந்த நகர மன்றம் ஓர் ஆணை நிறைவேற்றிற்று. தன்பாலீர்ப்பினர் என்றோ, திருநங்கை, திருநம்பி என்றோ காரணம் காட்டி எவரையும் கடையிலும் விடுதியிலும் விலக்கலாகாது. திருநங்கையர் பெண்களுக்குரிய கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்றது. இவ்வளவுதான்! பொறுத்ததா மாநிலச் சட்டமன்றம்? மார்ச் 23-ஆம் நாள் சிறப்புக் கூட்டம். காலையிலே கூடினர்; இரவுக்குள் சட்டம்! ஆளுநர் பாட் மெக்ரோரியின் கையெழுத்தும் அன்றிரவே! (அங்கே ஆளுநர் மக்கள் வாக்கால் வருபவர், தோழர்களே, மேலிருந்து இறக்கப்படுபவர் அல்லர். இதை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.)

அரசுக் கட்டடங்களிலும் பள்ளிகளிலும் பிறப்புச் சான்றிதழில் எழுதியுள்ள பாலினப்படியே கழிப்பறை. நகரங்கள் இனித் தாமாகப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்கக்கூடாது. இவை சட்டத்தின் தலைப்பகுதி. வால்பகுதியைப் படித்தவர் எத்தனை பேர்? தனியார் முதலாளிகள் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலியையும் நகரங்கள் உயர்த்தக்கூடாது என்று அதே சட்டத்திலே எழுதிவைத்தனர்! கழிப்பறைக்கும் கூலிக்கும் என்ன உறவு? மக்களின் கண்ணைக் கழிப்பறைப் பக்கம் திருப்பிவிட்டுக் கை உழைப்பவன் மடியைத் தடவிற்று. நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஆயினும் இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது, உங்களுக்கும் புரிகிறது.

எழுந்தது எதிர்ப்பு. பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கிரீன்ஸ்பரோ நகரில் நடக்கவிருந்த தம் இசை நிகழ்ச்சியைக் கைவிட்டார். பேபால் நிறுவனம் சார்லட்டில் 400 பேருக்கு வேலை தரவிருந்த அலுவலகத் திட்டத்தைக் கைவிட்டது. 2017-இல் அங்கே நடக்கவேண்டிய கூடைப்பந்துப் பெருவிழா வேறு மாநிலத்துக்குப் போயிற்று. 12 ஆண்டுகளில் 376 கோடி டாலர் இழப்பு நேரும் என்று அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் கணக்கிட்டது. 2016 நவம்பரில் மெக்ரோரி தோற்றார். அதே நாளில் அதே மாநிலத்தில் டிரம்ப் வென்றார் என்பதை மறவாதீர். 2017 மார்ச்சில் கழிப்பறைச் சட்டம் நீக்கப்பட்டது. அப்போதும் பாதி மனத்தோடுதான்: நகரங்களின் கையைக் கட்டிய கயிற்றை 2020 டிசம்பர் வரை அவிழ்க்கவில்லை.

அந்த எதிர்ப்பு அலையிலே எழுந்ததுதான் மேற்குக் கரையின் கலிபோர்னியா இயற்றிய சட்டம். 2016 செப்டம்பரில் ஆளுநர் ஜெர்ரி பிரௌன் கையெழுத்திட்டார். 2017 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2015 ஜூன் 26-க்குப் பிறகு, அதாவது ஒருபால் திருமணம் நாடெங்கும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நாளுக்குப் பிறகு, இம்மக்களுக்கு எதிராகச் சட்டம் செய்த மாநிலம் எதற்கும் கலிபோர்னிய அரசுப் பணத்தில் எவரும் பயணம் செய்யலாகாது. "எம் மக்கள் தந்த வரிப்பணம், எம் மக்களை இழிவு செய்யும் ஊரிலே விடுதி வாடகையாக விழக்கூடாது" என்பது அதன் உட்பொருள். வீரமான சொல்! நானும் கைதட்டினேன்.

பட்டியல் 4 மாநிலங்களோடு தொடங்கிற்று. அந்த ஆண்டு ஜூனில் 8. 2023-இல் 26. ஐம்பதிலே பாதிக்கும் மேல்! பட்டியல் வளர்ந்ததே தவிரத் தேய்ந்ததா? "உறைக்காமலா டெக்சாஸ் வழக்குப் போட்டது?" என்று கேட்பீர்கள். போட்டது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்க மறுத்தது. டெக்சாஸ் வழக்கை இழந்தது, சட்டத்தை மாற்றியதா? இல்லை. விலக்கப்பட்டவர் யார் என்றால், கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்! தெற்கு மாநிலங்களில் இம்மக்கள் படும் பாட்டை நேரில் ஆராயவும் அரசுப் பணம் இல்லை. பந்தாட்ட அணிகள் நன்கொடை தேடிப் புறப்பட்டன. 2022-இல் ஆளுநர் நியூசம், பட்டியலில் இருந்த மொண்டானாவுக்குக் குடும்பத்தோடு சொந்தச் செலவில் விடுமுறைக்குச் சென்றார். சட்டம் தடுக்கவில்லை, செய்தியாளர்கள் விடவில்லை!

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. ஓர் ஊரில் நாடகத்துக்கு நாள் கொடுத்திருந்தோம். சேரிக்காரர்கள் பந்தலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று விழாக் குழுவினர் சொன்னதாகத் தெரிந்தது. முன்பணத்தைத் திருப்பி எறிந்தோம், மார்பு நிமிர்ந்தோம். மூன்று திங்கள் கழித்து அந்தச் சேரி இளைஞன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். "அண்ணே, நீங்க வரலேன்னு அவங்க ரெக்கார்டு டான்சு வெச்சாங்க. எங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லாமப் போச்சு" என்றான். எனக்கு வசனம் வரவில்லை, தோழர்களே! மேடையில் மறந்ததில்லை, அன்று மறந்தேன்.

புறக்கணிப்பு வேண்டாம் என்கிறேனா? இல்லை. மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 1955 டிசம்பர் தொடங்கி 381 நாள் பேருந்தில் ஏறாது நடந்தனர். அந்தப் பேருந்துகள் அவர்கள் காசில் ஓடின. அவமானப்பட்டவர்களே கூடி எடுத்த முடிவு அது. ஆகையால் வெட்டிற்று. வட கரோலினாவிலும் வெட்டியது அந்த மாநிலம் நம்பியிருந்த வேலையும் விழாவும் வாக்கும். கலிபோர்னிய அதிகாரியின் விமானச்சீட்டை நம்பியா டெக்சாஸ் பிழைக்கிறது?

இதைச் சொல்லிச் சட்டத்தை நீக்கியவர் யார்? எதிரியா? அப்போதைய மேலவைத் தலைவர் டோனி அட்கின்ஸ். வர்ஜீனியாவிலே சுரங்கத் தொழிலாளிக்கும் தையல் தொழிலாளிக்கும் பிறந்தவர். தாம் தன்பாலீர்ப்பினர் என்பதை மறைக்காமல் அந்தப் பதவிக்கு வந்த முதல்வர். அவர் கொண்டுவந்த சட்டத்தில் 2023 செப்டம்பரில் நியூசம் கையெழுத்திட்டார், தடை நீங்கிற்று. மாற்றாக, நன்கொடை திரட்டி அந்த மாநில மக்களிடமே பரப்புரை செய்ய ஒரு திட்டம் வகுத்தனர். விளம்பரம் ஒன்றே போதுமா? போதாது என்பதே என் எண்ணம். விளம்பரப் பலகை திரும்பக் கேள்வி கேட்காது. கேட்பவன் தோளிலே கையும் போடாது.

அந்த இளைஞனுக்கு நாள் கொடுத்துவிட்டேன். வருகிற மாசியில் நாடகம். இம்முறை பந்தல் அவர்கள் தெருவில். விழாக் குழுவினருக்கும் அழைப்பிதழ் போகும். எல்லாருக்கும் பாய்தான்; நாற்காலி கிடையாது. ஒலிபெருக்கிச் செலவுக்கு 3,000 ரூபாய் குறைகிறது. கூட்டம் முடிந்ததும் உண்டியல் வரும், தோழர்களே!