ஒரு முழு நிமிடம்



குழந்தை மருத்துவப் பிரிவுக்கு வரும் மாணவர்களுக்கு நாங்கள் முதலில் கற்பிப்பது மூச்சை எண்ணுதல். குழந்தை தாயின் மடியில் அமைதியாக இருக்கையில், சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். குழந்தையின் மூச்சு சீராக ஓடுவதில்லை; ஆதலால் அரை நிமிடம் எண்ணி இரட்டித்தால் பிழை நேரும். இருமலுடன் வந்த குழந்தைக்கு, 2 மாதம் முதல் ஓராண்டு வரை 50, அதன்பின் 5 ஆண்டு வரை 40, அல்லது அதற்கு மேல் இருப்பின் நிமோனியா என்று ஐயுற வேண்டும். நொடிமுள் உள்ள கைக்கடிகாரம் போதும்.

ஆயினும் அந்த ஒரு நிமிடம் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்ததா? மேசைக்கு அப்பால் நிறுத்தி, தொடாமலே மருந்தெழுதி அனுப்பப்பட்ட பிள்ளைகள் நம்முள் பலர். நம் தாய்மாரை ‘நீ’ என்றே வினவினர். 2019-இல் வந்த பாடத்திட்டம் நன்னெறியையும் உரையாடலையும் பாடமாக்கியது, வரவேற்கிறோம். ஆனால் அதனை மாணவர் கற்பது ஆசிரியர் தாயிடம் பேசும் முறையைக் கண்டுதான். “பால் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறான்” என்று அவர் கூறுவதே பெரும்பாலும் ஆபத்தின் முதல் அறிகுறி. இடைமறித்தால் அது நம் செவிக்கு எட்டாது.

நண்பகல் உணவுக்குப் பின் சில தாய்மார் தம் பிள்ளைகளுடன் இங்கு அமர இசைந்துள்ளனர். கடிகாரத்துடன் வாருங்கள், எண்ணிப் பழகுவோம்.